போதகர் போட்ட கூச்சல்

போதகரின் பல் தெறித்துச் சுவரில் பட்டது. இன்ஸ்பெக்டர் கையை உதறிக்கொண்டார்.

"உன் மச்சான் எங்கடா? அவனை இன்னிக்குச் சுட்டே ஆகணும்!"

"என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்!" என்று அலறிவிட்டு மயங்கிச் சாய்ந்தார் போதகர்.

ஆள் உடைந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து அறைக்கு ஓடினார். போதகரின் மனைவி அங்கே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கடவுளே கைவிட்டுட்டாருன்னு உன் புருஷன் கதறுறான். உன் தம்பி இருக்கிற இடத்தை நீயாவது சொல்லித் தொலை!"

"அவர் சொன்னதை வார்த்தை மாறாம சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் நடுக்கம் நின்றது.

"அது எங்க பைபிள்ல இருக்கிற ஒரு சங்கீதத்தோட முதல் வரி, சார். அதைச் சொன்னா முழுப் பாட்டையும் சொன்ன மாதிரி. அழுகையில ஆரம்பிச்சு ஜெயத்துல முடியும். நான் பயந்துபோய்ச் சொல்லிடத்தான் இருந்தேன்."

ரத்தம் சொட்டிய இன்ஸ்பெக்டரின் கையைப் பார்த்தாள்.

"வாயைத் திறக்காதேன்னு உங்ககிட்டயே சொல்லி அனுப்பிட்டாரு. இனி என்னை அடிங்க."