நகத்தடியில் பழைய ஸ்டிக்கர்

இரிஞ்ஞாலக்குடா வாசகசாலையின் ஓட்டுக்கூரையில் மழை கொட்டுகிறது. கொச்சுத்திரேசாவின் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏறப்போகிறது. 'உள்ளிருப்பதெல்லாம் அழியும், தொடரலாமா?' என்று கேட்டபடி திரை காத்திருக்கிறது. வாசகசாலையின் கணினி முகாமில் உதவ வந்த நிசார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். உடையவர்தான் அழுத்தவேண்டும், இங்கே அதுதான் வழக்கம். "புதுசே வாங்கித் தர்றேன்னு சொன்னேன். இது செத்துப்போனா சேச்சி அழக்கூடாது," என்கிறான் தம்பி பவுலி, பருப்புவடையை மென்றபடி. "நல்லா ஓடுற மிஷினைக் கம்பெனிக்காரன் அப்டேட்டை நிறுத்திக் கைவிட்டா நானும் கைவிடணுமாடா?" அழுத்துகிறாள். திரை கறுத்துப்போகிறது. பவுலியின் வாய் அப்படியே நிற்கிறது. "போச்சா?" அவளோ விசைப்பலகையின் ஓரத்தில் பளபளக்கும் அந்தக் கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். திரையில் இன்னும் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.