பதினொரு நிமிஷத் தூக்கம்

தாட்சாயணி மூன்று நாளில் அரைமணி நேரம் திருடியிருக்கிறாள் என்று காகிதம் சொன்னது. அதை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார், தெலுங்கு கலந்து பேசும் கம்பெனி எச்.ஆர். சந்திரசேகர்.

"சூடம்மா, நல்லா பாரு. நாலு ஐம்பது, நாலு ஐம்பது, நாலு ஐம்பது. அஞ்சு மணிக்கு முன்னாடி மூணு தடவ வெளிய போயிருக்க. லேட்டா வந்தாலும் சரி, முன்னாடி போனாலும் சரி, மூணு ஆனா கான்ட்ராக்ட் கட். ரூல் தெலுசு கதா?"

"சார், அஞ்சு மணி சைரன் ஊதினப்புறம்தான் சார் எழுந்தேன். சத்தியமா சொல்றேன்."

"சைரன் வாட்ச்மேன் ஊதறது. இது கம்ப்யூட்டர். அது எதுக்கும்மா பொய் சொல்லும்?"

கேட்டில் இருக்கும் மிஷினில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். மணி எத்தனை என்று அது யாருக்கும் காட்டாது.

நாலு நாளைக்கு முன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்த அவள் புருஷன் முனியப்பன், இரண்டு காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியசாலையில் கிடக்கிறான். மற்றப் பெண்கள் முகம் கழுவி, தலை வாரி, நாகலாபுரம் வேனில் நிதானமாக ஏறுவார்கள். இவள் மட்டும் இந்த மூன்று நாளாகச் சைரன் கேட்டதும் புத்தூர் போகும் அஞ்சு பத்து பஸ்ஸுக்கு ஓடுகிறாள். வீட்டில் இப்போது சம்பளம் என்று வருவது இவளுடையது ஒன்றுதான். அதுவும் போனால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கிழம வரைக்கும் டைம் தரேன். எதுனா ப்ரூஃப் இருந்தா கொண்டா" என்றார் சந்திரசேகர். கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தைத் தாண்டி எதையும் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவே.

நேரே கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் திலீப் நாகலாபுரத்துப் பையன், அவள் வேனில்தான் தினமும் வருகிறவன். அவனும் கான்ட்ராக்ட்தான்.

"யப்பா திலீப்பு, நான் ஓடிப்போறத நீ பார்த்துக்கினுதான இருக்கிற? சைரனுக்கு முன்னாடி என்னிக்காவது போயிக்கிறனா? காலையில வேணா பாரு, ஒரு நாளாவது எம்பேரு லேட்டு லிஸ்ட்டுல வந்துக்குதா?"

வரவில்லைதான். ஒரு மாதமாக வேன் டிரைவர் கிருஷ்ணப்பா சத்தியவேட்டில் இட்லி தின்ன நிறுத்தி, தினமும் ஏழெட்டு நிமிஷம் லேட்டாக வந்தும்கூட, வேனில் வந்த ஒருத்தர் பேரும் அந்த லிஸ்ட்டில் ஏறவில்லை. கம்பெனிக்காரன் கொஞ்சம் பார்த்தும் பார்க்காமல் விடுகிறான் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

திலீப் ஒருமணி நேரம் எதையெதையோ தட்டினான். திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

"அக்கா! மிஷினுதான்க்கா தப்பு!"

"இன்னாடா சொல்ற?"

"போன மாசம் அட்டென்டன்ஸ் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு, பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி அதுக்குள்ள வெச்சாங்க. அதுக்குள்ள இதுமாதிரி எட்டு இருக்குது. ஒவ்வொண்ணும் தனிக் கம்ப்யூட்டர்னு நெனச்சிக்கினு ஓடும். நிஜத்துல தனியா ஒடம்பே கெடையாது."

"பேய் மாதிரியா?"

"அப்டித்தான் வெச்சிக்கோயேன். மாத்தின அன்னிக்கு அத பதினொரு நிமிசம் நிறுத்தி வெச்சிக்கிறாங்க. தூங்கினது அதுக்கே தெரியாது. எழுந்ததும், விட்ட எடத்துலருந்து மணிய எண்ண ஆரம்பிச்சிடுச்சு. வெளி கடியாரத்தப் பார்த்து சரி பண்ணிக்க சொல்லி யாரும் செட் பண்ணல. அன்னிலருந்து பதினொரு நிமிசம் பின்னாடியே ஓடிக்கினு கீது. நீ அஞ்சு மணி தாண்டிதான் போயிக்கிற. அதுக்கு அப்போ நாலு ஐம்பது!"

தாட்சாயணிக்கு அழுகை வந்துவிட்டது. வேலை தப்பியது என்ற சந்தோஷம் பாதி, திருடி இல்லை என்ற சந்தோஷம் பாதி.

இரண்டு பேருமாகப் போய் நின்றார்கள். திலீப் சொன்னதையெல்லாம் சந்திரசேகர் பொறுமையாகக் கேட்டார். அவன் காட்டிய காகிதத்தையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அவுனு. சாரிம்மா, தப்பு எங்களோடதுதான்" என்றார் மனசார. பிறகு திலீப்பைப் பார்த்து, "ஒரு ஆளுக்கு மட்டும் திருத்தினா ஆடிட்டுல கேப்பாங்க. மாசம் பூரா, அந்தரிக்கும், எல்லாருக்கும், எல்லா என்ட்ரிக்கும் பதினொரு நிமிஷம் கூட்டிடு. புது லிஸ்ட் எடுத்து இன்னிக்கே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் புருஷனுக்குப் போன் போட்டாள். "வேல எங்கயும் போவல. சாயந்தரம் வரச்சொல்ல மீன் குழம்பு வாங்கியாரேன். நீ எதையும் நெனச்சிக்கினு இருக்காத."

மதியம் மூன்று மணிக்குத் திலீப் அவள் மேஜைக்கு வந்தான். கையில் நீளமாய் ஒரு காகிதம். முகத்தில் ரத்தமே இல்லை.

"எம்பேர எடுத்துட்டாங்களா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"சாயந்தர லிஸ்ட்டுல எடுத்துட்டாங்கக்கா."

"அப்பறம் ஏன்டா இப்டி நிக்கிற?"

அவன் காகிதத்தை அவளிடம் நீட்டினான்.

"காலையில வந்த நேரத்துலயும் பதினொரு நிமிசம் ஏறிப்போச்சுக்கா. நம்ம வேனு மொத்தமும் மாசம் பூரா லேட்டு... நானுந்தான்."