வாசலில் பூட்ஸ்

நாள் முழுக்க கேரவன் ஓட்டியதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கரையோரம் நிறுத்தினோம். கனடாவின் ஃபண்டி விரிகுடா, ஓதம் இறங்கி வற்றிக் கிடந்தது. மனைவி வெர்னா மட்டும் கடல்தரையில் நடந்துவிட்டு, நீர் ஏறுவதற்குள் திரும்பினாள். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

இரவில் ஏறிய கடல் காலையில் மறுபடி வற்றியது. இறங்கிப் பார்த்தேன். அலை மெழுகிவிட்டுப் போன சேற்றில் ஒரே ஒரு காலடி வரிசை. இடது குதிகால் தேய்ந்த வெர்னாவின் பூட்ஸ். தண்ணீரிலிருந்து கேரவன் படிக்கட்டை நோக்கி வந்திருந்தது. போன தடம் இல்லை.

அவளிடம் இருப்பது ஒரே ஜோடி. கேரவன் வாசலில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று காய்ந்திருந்தது. மற்றதில் நீர் சொட்டியது.

"கிழவா, டீ ஆறுது. சேத்த உள்ள கொண்டாந்துடாத," என்றாள் அடுப்படியிலிருந்து வெர்னா.

"கூட்டிப் பெருக்குறது நாங்கதானே," என்றது அதே குரல், படுக்கைப் பக்கமிருந்து.

அலுப்பாக இருந்தது. என் பூட்ஸை மூன்றாவதாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.