பத்தடி தூரத்தில் ஒரு காது

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி சைக்கிள் பாதை வந்த பிறகு, அதை நடந்து கடக்கத் தடை. உள்ளே வரவோ வெளியே போகவோ அந்தப் பாதையிலேயே சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் சுற்றி மிதிக்க வேண்டும். முழங்கால் மடங்காத செம்பகம், தோட்டத்தில் வேலை பார்க்கும் கணவனோடு இரண்டு வருடமாக உள்ளேயே கிடந்தாள்.

இன்று பாதைக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, தம்பி பரிதி தன் கைப்பிள்ளையோடு நின்றான். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள். பிள்ளையின் காதில் அத்தைதான் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும்.

"குறுக்க நடந்து வந்துரவாடா?"

"வேணாங்க்கா. கால வச்சாலே சைரன் அடிக்கும். ஒன்னையும் மாமாவையும் சேத்துத் தோட்டத்த விட்டுத் தொரத்திருவாய்ங்க."

"அப்ப காத இந்தப் பக்கம் திருப்பு."

"மெதுவாச் சொல்லு. வேற யாருக்கும் கேக்கக் கூடாது."

"மெதுவாச் சொன்னா ஒனக்கே கேக்காது, கிறுக்குப்பயலே!"

மணியடித்துக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் கையசைத்துப் போனார்கள். பாதை காலியானதும் செம்பகம் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "நிறைமதீ!"

பிள்ளை வீறிட்டது. வளைவில் சைக்கிளில் வந்த வெளியூர்க்காரி, செம்பகம் கத்தியதை இந்த ஊர் வணக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பரிதியின் பக்கமாக ஒதுங்கி, பிள்ளையின் காதோரம் குனிந்து, "நிறைமதி" என்று கொஞ்சிவிட்டுப் போனாள்.

அழுகை நின்றது.

"நீ சொன்னதுதாங்க்கா மொதல்ல கேட்டுச்சு" என்றான் பரிதி, அக்காளின் முகத்தைப் பார்க்காமல்.