சிவப்புக் கோடு

வேளாங்கண்ணிக் கடற்கரையில் சவாரி விடும் வாட்டர் ஸ்கூட்டருக்கு ஷேக் பரீத்தான் மெக்கானிக். புகை வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான், மாட்டினான், அதன் திருகை மூடியோடு மட்டமாக வைத்தான். எவனாவது கை வைத்தால் தெரியட்டுமென்று மனைவியின் நெயில் பாலிஷால் திருகின் குறுக்கே மூடிவரை ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு ஷெட்டைப் பூட்டினான்.

காலையில் திருகு அரைச் சுற்று உள்ளே போயிருந்தது. கோடு மட்டும் உடையாமல் நேராகவே இருந்தது.

அந்த அரைச் சுற்று அவன் அண்ணன் காதர் மைதீனின் வழக்கம். வால்வு தாமதமாகத் திறக்கும், வண்டி சட்டென்று எகிறும். போன வருஷம் அப்படி எகிறியபோதுதான் அண்ணன் கடலில் விழுந்து மௌத்தானது.

பரீத் மறுபடி மட்டமாக்கிக் கோடு போட்டான். மறுநாளும் அரைச் சுற்று.

"என்ன தம்பி, நாளைக்குத் திருவிழாக் கூட்டம். வண்டி ஓடுமா ஓடாதா?" என்றார் முதலாளி அன்பரசன்.

"ஓடும்ங்க."

சாயங்காலம் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தான். திருகைத் தொடவில்லை. "நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டான். "சின்னப் புள்ளைங்க ஏறுற வண்டி."

பாலிஷ் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

விடிந்து வந்து பார்த்தபோது திருகு மட்டமாக இருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. விரல் வைத்துப் பார்த்தான். இன்னும் காயவில்லை.