தூதனின் தண்ணீர்ப் பை

அந்தக் கிரேக்க நகரத்தின் வழக்கப்படி, தூதன் தான் பார்த்ததில் ஒன்றையும் விடாமல் சொல்லியாக வேண்டும். மலைப்போரிலிருந்து இரண்டு நாள் ஓடிவந்தவன், அரண்மனை வாசலில் அரசியின் முன் நின்று, அவள் மகன் அக்னோன் இறந்த விதத்தைச் சொன்னான். ஈட்டி விலாவில் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பாறையில் சாய்ந்தான், வெயில் எப்போது முகத்துக்கு வந்தது, எல்லாம் சொன்னான். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"கடைசியா ஏதாவது கேட்டானா?"

"தண்ணி கேட்டாரும்மா. மூணு தடவை."

"பக்கத்துல யாருமே இல்லையா?"

"நான் இருந்தேம்மா. அதனாலதான் இவ்வளவும் சொல்ல முடியுது."

அரசி அவன் இடுப்பைப் பார்த்தாள். தூதர்களுக்கு ஓட்டத்துக்கென்று தண்ணீர் நிரப்பிக் கொடுக்கப்படும் தோல்பை அங்கே தொங்கியது. அந்தத் தண்ணீரை எவன் கேட்டாலும் தரக் கூடாது, தூதன் வழியில் விழுந்தால் செய்தியும் விழுந்துவிடும் என்று ஆணையிட்டவள் அவள்தான்.

கையை நீட்டினாள். அவன் அவிழ்த்துக் கொடுத்தான். அதைக் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டினாள்.

உள்ளே தண்ணீர் தளும்பியது.