இரண்டு டம்ளர் தண்ணீர்

"கையெழுத்துப் போடு. 'வார்டை ஒழுங்காகத் துடைக்கவில்லை, என் தவறுதான்'னு எழுதியிருக்கு. போட்டுட்டு மரியாதையா வீட்டுக்குப் போய்ச் சேரு."

சூப்பர்வைசர் காகிதத்தை மேஜையில் தட்டி வைத்தார். பினாயில் அக்கா அதைத் தொடவே இல்லை. பதினாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். துடைத்துத் துடைத்து அவள் பெயரே அழிந்துபோய், எல்லோருக்கும் அவள் பினாயில் அக்காதான்.

"தப்புப் பண்ணாதவ எதுக்கு சார் போடணும்? தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்."

எதிரே பெரிய டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் வார்டில் மூன்று வாரத்தில் ஆறு பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துவிட்டது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இளைத்தவள் தலையில்தானே எல்லாம் விடியும்!

"நல்லா துடைச்சிருந்தா கிருமி எப்படிம்மா வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

"நான் நல்லாத்தான் துடைச்சேன். இவர் குடுத்த பினாயில்தான் சரியில்ல."

"அடேயப்பா, வாயைப் பாரு!" சூப்பர்வைசர் குதித்தார். "டின்னைத் திறந்தா தெருமுனை வரைக்கும் மூக்கைத் துளைக்குது மேடம். நீங்களே பாருங்க!"

வாசலில் இருந்த டின்னைத் தூக்கி வந்து மூடியைத் திருகினார். அறை முழுக்க நெடி கமறியது. டாக்டரம்மா கைக்குட்டையைத் தேடினார். சூப்பர்வைசரே இரண்டு தும்மல் போட்டார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க மேடம், இது பினாயில் இல்லாம பன்னீரா?"

"அதே வாடைதான்..." டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

"இவளை அந்த வார்டுக்குப் போட்டதே நான்தான் மேடம். இந்த நெடிக்கு மத்தவங்க ஓட்டம் பிடிப்பாங்க. இவ ஒருத்திதான் முகம் சுளிக்காம வேலை பார்ப்பா. நன்றி கெட்டவ!"

"இந்தப் புது டின் வந்த முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே சார்! 'வாசனை வருதுல்ல, வாயை மூடிட்டுத் துடை'ன்னீங்க." அக்கா டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "ரெண்டு டம்ளர் தண்ணி மட்டும் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்குங்க."

தண்ணீர் வந்தது. அக்கா தன் பையிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய சரக்கில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது. முதல் டம்ளரில் கொஞ்சம் சாய்த்தாள். கறுப்பாக விழுந்த சொட்டு, தண்ணீரைப் பால் மாதிரி வெளுக்க வைத்தது.

இரண்டாவது டம்ளரில் புது டின் சரக்கை ஊற்றினாள். தண்ணீர் வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கலக்கினாள். இன்னொரு தரம் கலக்கினாள். ஊஹூம், வெளுக்கவே இல்லை.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "பீனால் கலந்த தார் எண்ணெய் இருந்தா இந்நேரம் வெளுத்திருக்கணுமே! கிருமியைக் கொல்றதே அதுதானே! சாயத்தையும் வாசனையையும் கலந்து குடுத்திருக்கீங்க. அடப்பாவி மனுஷா, ஆறு பேரு சீழ் பிடிச்சுக் கிடக்கிறாங்களே!"

சூப்பர்வைசர் டின் மூடியைத் திருகி மூடப் பார்த்தார். டாக்டரம்மா அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"மூணு வாரமா இத்தனை டாக்டர், இத்தனை நர்ஸ் அந்த வழியா நடந்தோம். வாடை அடிச்சதும் எல்லாம் சுத்தமா இருக்குன்னு நிம்மதியாப் போயிட்டோம். நீ மட்டும் எப்படிம்மா ஏமாறல?"

அக்கா முதல்முறையாகத் தலை குனிந்தாள். மறுநொடியே நிமிர்ந்தும்விட்டாள்.

"தெரிஞ்சா வேலை போயிடும்னு இத்தனை நாள் மறைச்சேன். இனிமே எனக்கென்ன பயம்? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு டாக்டரம்மா, அதுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது."